இரண்டுக்கு இரண்டு

கடைசியாக அத்தாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, ஏணிக்காரச் சந்தில் ஓர் இட்லி அடுப்புக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றது. அந்த வேலையும் முடியவில்லை.

அதற்கு முந்தைய பதினொரு ஞாயிற்றுக்கிழமைகளும் இப்படித்தான். காலை ஏழு மணிக்குப் பழங்காநத்தம் வீட்டிலிருந்து கிளம்புவார்கள். சேக் இஸ்மாயில் டி.வி.எஸ். எக்ஸெல் ஓட்டுவார். நிலோபர் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். கால் வைக்கிற இடத்தில் வால்வு சாவி குறுக்காகக் கிடக்கும். சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி, கீழே சதுரக் குழி. தெருவுக்கு அடியில் இருக்கும் வால்வின் தலையில் மாட்டித் திருகினால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் வரும், இன்னொரு தெருவுக்கு நிற்கும். வண்டியின் இரண்டு பக்கமும் அது நீட்டிக்கொண்டிருப்பதால் ஆட்டோக்காரர்கள் திட்டுவார்கள். அவர் திரும்பிப் பார்த்து, "ஒன் தெருவுக்கு எப்ப தண்ணி வருது மாப்ள?" என்று கேட்பார். திட்டு அடங்கிவிடும்.

நிலோபர் படித்தது சிவில். மாநகராட்சியின் பேரிடர்ப் பிரிவில் ஒப்பந்தப் பொறியாளர். பழைய நகரத்தின் ஒவ்வொரு வால்வும் எங்கே இருக்கிறது, எத்தனை அடி ஆழத்தில், எத்தனை சுற்றுத் திருகினால் திறக்கும் என்பதைக் கணினி வரைபடத்தில் ஏற்றுவது அவள் வேலை. கோப்பில் இருந்தவை நூற்றி நாற்பது வால்வுகள். அத்தாவின் தலைக்குள் இருந்தவை இருநூற்றுப் பதின்மூன்று. இருநூற்றுப் பன்னிரண்டை ஏற்றிவிட்டார்கள். கடைசி வால்வின் மேல் சுந்தரம்மாளின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, அடுப்பைக் கொஞ்சம் நகட்டுனா ஒரு அளவு எடுத்துக்கிருவோம்," என்றார் சேக் இஸ்மாயில்.

"ஈடு வெந்துக்கிட்டு இருக்கு பாய். இப்ப நகட்டுனா இட்லி கல்லாப் போகும். அந்தக் கல்லை வச்சு ஒன் வால்வை மூடிக்கிறியா?"

"ஏற்கெனவே கல்லுதானக்கா மூடியிருக்கு."

அது உண்மை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு லாரி ஏறி இரும்பு மூடி உடைந்துவிட்டது. பழைய துவைகல் ஒன்றைக் கொண்டுவந்து அவர்தான் மூடி வைத்திருந்தார். மாநகராட்சி ஸ்டோரில் புது மூடி கேட்டால், வால்வு நம்பர் இருந்தால்தான் தருவோம் என்றார்கள். நம்பர் தர வேண்டியது நிலோபரின் வரைபடம். வரைபடத்துக்கு ஆழம் வேண்டும். ஆழத்துக்குக் கல்லை நகர்த்த வேண்டும்.

"ஆழம் போடாம சேவ் ஆகாதா?" என்று கேட்டார்.

"ஆகாது அத்தா."

"சும்மா மூணடின்னு போடு. மூணடிதான்."

"சும்மா போடக் கூடாது."

"யாரு சொன்னா?"

"நான்தான் அப்படிச் செஞ்சு வச்சிருக்கேன்."

"அப்ப நீயே மாத்து."

"மாத்துனா எல்லாரும் சும்மா போடுவாங்க."

அவர் சிரித்தார். "அம்புட்டுத்தானே? அடுத்த ஞாயித்துக்கெழம அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே வந்துருவோம். ஸ்டோரை நம்பிப் பிரயோசனமில்ல. சமயநல்லூர்ல நமக்குத் தெரிஞ்ச பட்டறையில மூடி வார்க்கச் சொல்லியிருக்கேன். நம்பர் என்னன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நீ குடுத்ததும் சொல்லிப்புடணும்."

இருவரும் நான்கு நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். புதன்கிழமை அவர் இறந்துபோனார். அடுத்த ஞாயிறு வந்தது, போனது.

அவருடைய வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருபத்தைந்து வயதில் மாநகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் தினக்கூலியாகச் சேர்ந்தார். எட்டு வருடம் கழித்து நிரந்தரம். இறக்கும்போது ஐம்பத்தெட்டு. பழைய நகரத்தில் அவருக்குத் 'தண்ணி பாய்' என்று பெயர். எந்த வீட்டில் எப்போது கல்யாணம், எங்கே சாவு என்பது அந்தந்தத் தெரு ஜமாஅத்துக்கும் கோயில் குருக்களுக்கும் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரிந்துவிடும். கூட்டம் சேர்ந்தால் தண்ணீர் வேண்டும். முதல் போன் அவருக்குத்தான். முறை இல்லாத நாளில் ஒரு மணி நேரம் திறந்துவிடுவார். அதைக் கோப்பில் எழுதியதில்லை.

வால்வுகளுக்கு அவர் நம்பர் வைத்ததில்லை. ராவுத்தர் வால்வு, வக்கீல் வீட்டு வால்வு, செத்த எருமை வால்வு. ஏணிக்காரச் சந்தில் இருந்தது சுந்தரம்மா வால்வு. சுற்றுகளை இடது கை விரல் கணுக்களில் எண்ணுவார், தொழுகைக்குப் பிறகு தஸ்பீஹ் எண்ணுகிறவர்கள் எண்ணுவதைப் போல. நான்கு விரலுக்கு மும்மூன்று, கட்டை விரலுக்கு இரண்டு. ஒரு கைக்குப் பதினான்கு. "ராவுத்தர் வால்வு ஒன்றரைக் கை. சுந்தரம்மா வால்வு ஒரு கை" என்பார். நிலோபர் அதைப் பதினான்கு என்று குறித்துக்கொள்வாள்.

அவரால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. அம்மா அஜ்மல் பீவிக்கு அதில்தான் தீராத குறை. சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவார்.

இந்த மனிதரைத்தான் உட்கார வைக்கும் முறை ஒன்று மதுரைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் அவர் மகளும் ஒருத்தி.

முறை இதுதான். தீயோ வெள்ளமோ திருவிழா நெரிசலோ, எது நடந்தாலும் ஒரே ஒழுங்கு. ஒரே கமாண்டர். போலீஸ், தீயணைப்பு, மின்வாரியம், தண்ணீர், ஆம்புலன்ஸ் எல்லோரும் அவர் சொல் கேட்க வேண்டும். வருகிறவர்கள் நேரே சம்பவ இடத்துக்கு ஓடக் கூடாது. காத்திருக்கும் இடம் என்று ஒன்றைக் குறித்திருப்பார்கள். அங்கே போய், தன் பெயர் அட்டையைப் பலகையில் மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார வேண்டும். கூப்பிட்டால்தான் எழ வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை தலை எண்ணுவார்கள். அட்டையும் ஆளும் ஒத்துப்போனால் எல்லோரும் பத்திரம். ஒத்துப்போகாவிட்டால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அந்த ஆளைத் தேட வேண்டும். நடப்பதையெல்லாம் ஒருவர் நேரம் போட்டுக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. தவறென்றால் ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

கற்றுக்கொடுத்தவர் கிருஷ்ணபிரசாத் என்ற அதிகாரி. குறிப்பேடு பொறுப்பு நிலோபருக்கு.

நல்ல முறை. அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. முந்தைய வருடம் ஒரு தீ விபத்தில், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டவரைத் தேடி இரண்டு பேர் மறுபடி உள்ளே போனதை அவள் பார்த்திருந்தாள்.

தண்ணீர் அணியில் இரண்டு பேர்: சேக் இஸ்மாயில், வெள்ளைத்துரை. இருபத்திரண்டு வருடமாக ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஒருவரையொருவர் மாமா, மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். வருகைப் பதிவேடு இருந்த காலத்தில் முதலில் வருகிறவர் இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவார். வெள்ளைத்துரை போட்ட சேக் இஸ்மாயில் கையெழுத்து, சேக் இஸ்மாயில் போட்டதைவிட அழகாக இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. பிறகு முகத்தைக் காட்டிப் பதியும் மிஷின் வந்தது. மிஷினிடம் ஒருவர் முகத்தை இன்னொருவர் காட்ட முடியாது. இருவருக்கும் அது பெரிய மனக்குறை. அட்டையும் பலகையும் வந்த அன்று வெள்ளைத்துரை சொன்னார்: "மாப்ள, நல்ல காலம் திரும்பிருச்சு."

நிலோபரும் அதைக் கேட்டுச் சிரித்தாள்.

ஒத்திகை நடந்த அன்று மத்தியானம் தலை எண்ணியபோது தண்ணீர் அணிக்கு இரண்டு அட்டை தொங்கியது. ஆள் ஒருவர்தான். வெள்ளைத்துரை, "ரெண்டு பேரும் இருக்கோம்" என்று குரல் கொடுத்தார். நிலோபர் இரண்டுக்கு இரண்டு என்று எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினால், அத்தா அப்போதுதான் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வாசலில் நுழைகிறார்.

"போர்டுல இருக்கீங்க. ஆளைக் காணோம்?"

"லுஹர் தொழுதுட்டு வந்துட்டேன்ல?"

"நெசமாவே தீப்பிடிச்சிருந்தா?"

"நெசமாத் தீப்பிடிச்சா எதுக்கும்மா ஒக்காந்திருக்கப் போறேன்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒத்திகைதானே என்று அவளும் விட்டுவிட்டாள். அந்தக் குறிப்பேட்டில் அவள் கோடு கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குத் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால், ஏணிக்காரச் சந்தை ஒட்டி, பிளாஸ்டிக் பூமாலை அடுக்கியிருந்த ஒரு குடோனில் தீப்பிடித்தது. புது முறை வந்த பிறகு முதல் நிஜமான தீ. கால் மணி நேரத்தில் கமாண்டருக்குக் கூடாரம் போட்டுவிட்டார்கள். காத்திருக்கும் இடம், பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம். மண்டபத்துக்காரர்கள் போட்ட நாற்காலிகளில் வெள்ளை உறையும் பின்னால் ரோஸ் நாடா முடிச்சும் இருந்தன. சந்தில் குடியிருந்தவர்கள் அத்தனை பேரையும் வெளியேற்றி, இரண்டு முனையையும் கயிறு கட்டி அடைத்தார்கள்.

நிலோபரின் குறிப்பேட்டில் அன்றைக்கு எழுதிய நான்கு வரிகள் அவள் தலைக்குள் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் அவள் கையெழுத்து.

10.50. தண்ணீர் அணி வருகை. அட்டை இரண்டு.

11.20. சந்து முனைத் தீயணைப்புக் குழாயில் அழுத்தம் ஏறியது. காரணம் தெரியவில்லை.

11.30. தலை எண்ணிக்கை. தண்ணீர் அணி இரண்டுக்கு இரண்டு.

12.15. ஏணிக்காரச் சந்தில் ஓர் ஆண் மயங்கிக் கிடப்பதாகத் தகவல்.

நான்காவது வரியை எழுதும்போது அது யார் என்று அவளுக்குத் தெரியாது. சுத்தமாக எழுதியிருந்தாள்.

தண்ணீர் ஏறியதும் கூடாரத்தில் கைதட்டினார்கள். அதுவரை லாரிகள் போய்ப் போய் நிரப்பிக்கொண்டு வந்தன. அந்தப் பக்கத்துக்கு அன்று தண்ணீர் முறை இல்லை. எங்கிருந்து வந்தது என்று கமாண்டர் கேட்டார். நிலோபர் வரைபடத்தைப் பார்த்தாள். அந்தச் சந்தில் வால்வே இல்லை என்று காட்டியது வரைபடம். அப்போதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. இட்லி அடுப்பு நினைவுக்கே வரவில்லை. எப்படி வராமல் போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். எத்தனை மணிக்கு என்று அவள் கேட்டாள். சொல்ல முடியாது என்றார்கள். உடனேயா, கொஞ்ச நேரம் இருந்தாரா என்று கேட்டாள். அதையும் சொல்ல முடியாது என்றார்கள். மறுநாள் காலை அடக்கம். மய்யித்தைக் குளிப்பாட்டிவிட்டு வந்த அண்ணன் அல் அமீன் சொன்னான்: "அத்தா நகக் கண்ணுல துரு. எம்புட்டுத் தேச்சும் போகல."

ஏழாம் நாள் கிருஷ்ணபிரசாத் வீட்டுக்கு வந்தார். அம்மா, கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் முன் வராத இத்தாவில் இருந்ததால், உள் அறைக் கதவுக்குப் பின்னால் இருந்தாள். அவர் முன்னறையில் சேக் இஸ்மாயிலின் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் அதிகம் உட்காராத நாற்காலி.

"நிலோபர், ஆய்வறிக்கை திங்கட்கிழமை போகணும். குறிப்பேட்டுல உங்க கையெழுத்து வேணும்."

"என்ன எழுதியிருக்கீங்க சார்?"

"உள்ளது உள்ளபடிதான். பத்து ஐம்பதுக்கு வந்தார். பதினொன்றரை வரைக்கும் காத்திருக்கும் இடத்துல இருந்தார். அதுக்கப்புறம் கொஞ்சம் வெளியே போயிருக்கார். நெஞ்சு வலி. பணியில் இருக்கும்போது மரணம்."

"தண்ணி பதினொன்னு இருபதுக்கே வந்துருச்சே."

அவர் தரையைப் பார்த்தார். "காரணம் தெரியவில்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அது அப்படியே இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் உங்ககிட்ட மறைக்க விரும்பல. அட்டையில இருந்தது பொய்ன்னு வந்தா, வெள்ளைத்துரை வேலை போயிடும். ரிடையர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு. உங்க அப்பா அனுமதி இல்லாம தடை செஞ்ச பகுதியில இருந்தார்னு எழுதணும். விதிமீறல்னு ஒரு வார்த்தை வரும். இந்த முறையே வேணாம், பழையபடியே ஓடுவோம்னு நாளைக்கே கிளம்புவாங்க. யாருக்கு என்ன லாபம்?"

அவர் கெட்டவர் இல்லை. சொன்ன மூன்றும் நியாயமான காரணங்கள்.

அவர் போன பிறகு கதவு திறந்தது.

"அவரு ஒக்காந்திருந்தாருங்குறாங்களா?" என்றாள் அஜ்மல் பீவி.

"பதினொன்ற வரைக்கும்னு எழுதியிருக்காங்கம்மா."

"சேர்லயா?"

"ஆமா. கல்யாண மண்டபத்துச் சேர், நாடா கட்டுனது."

"முப்பத்தி நாலு வருசம் அந்த மனுசனோட குடும்பம் நடத்துனவ நான். கல்யாணப் பந்தியிலகூட ஒக்காந்து தின்னது இல்ல. பக்கத்துல தீ எரிய, இவரு நாடா கட்டுன சேர்ல ஒக்காந்திருந்தாராக்கும்?" அவள் கண் கலங்கவில்லை. கோபமாக இருந்தாள். "இருந்தா இருந்தாருன்னு சொல்லு. ஓடுனா ஓடுனாருன்னு சொல்லு. எனக்கு ரெண்டுல ஒன்னு தெரியணும். ஒனக்குத்தான் கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியுமே."

நிலோபருக்கு எதுவும் தெரியவில்லை. எது உண்மையாக இருக்க வேண்டும் என்று தான் விரும்புகிறோம் என்பதுகூடத் தெரியவில்லை. அத்தா உட்கார்ந்திருந்தார் என்றால், மகள் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருந்தார். ஓடினார் என்றால், பதினொன்று இருபதிலிருந்து பன்னிரண்டே கால் வரைக்கும், ஐம்பத்தைந்து நிமிடம், ஆளில்லாத சந்தில் தனியாகக் கிடந்திருக்கிறார். முந்நூறு மீட்டர் தள்ளி மகள் இரண்டுக்கு இரண்டு என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சந்துக்குப் போனாள். சுந்தரம்மாள் கடையைத் திரும்பப் போட்டிருந்தாள். அடுப்பு மட்டும் நான்கடி தள்ளி இருந்தது. துவைகல் வால்வுக் குழியின் மேல் பாதி மூடியும் பாதி திறந்தும் கிடந்தது.

அவளைப் பார்த்ததும் சுந்தரம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வா தாயி. நாந்தேன் பாத்தேன் மொதல்ல. தீ அடங்கிருச்சுன்னு கயித்தை அவுத்து விட்டாங்க. ஓடியாந்து பாத்தா, குழிக்குப் பக்கத்துல ஒருச்சாஞ்சு கெடக்காரு. தூங்குறாருன்னு நெனச்சேன் பாரு! தண்ணி பாய் என்னைக்குத் தூங்கியிருக்காரு?"

"அதுக்கு முன்னாடி பாத்தீங்களா அக்கா?"

"பாத்தேனே. போலீசு எங்களை வெரட்டுறான். இவரு எதுத்தாப்புல வாராரு, தோள்ல அந்தக் கம்பிய வச்சுக்கிட்டு. 'அக்கா, அடுப்பை அணைச்சுட்டுப் போங்க, கல்லை நான் பாத்துக்கிறேன்'னாரு. ஒரு கை புடிக்கட்டுமா பாய்னேன். 'போக்கா, இட்லிய விடவா கனம்'னாரு. அதுக்குள்ள போலீசு என்னைத் தள்ளிக்கிட்டு வந்துட்டான்."

"மணி என்ன இருக்கும்?"

"மணிய யாரு கண்டா? எங்களை வெளியேத்துன நேரந்தேன்."

வெளியேற்றியது பத்து நாற்பத்தைந்திலிருந்து பத்து ஐம்பத்தைந்துக்குள். அதுவும் குறிப்பேட்டில் இருந்தது. அதே நேரத்தில் அவருடைய அட்டை பலகையில் ஏறியிருந்தது.

சுந்தரம்மாள் கடைக்குள் போய், மூலையில் சாய்த்து வைத்திருந்த வால்வு சாவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். "வெள்ளைத்துரை மறுநாள் வந்து வால்வை அடைச்சுட்டு, இதை என்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டாரு. ஒங்க வீட்டுக்குக் கொண்டாரத் தைரியமில்லேன்னாரு. நீயாச்சும் எடுத்துட்டுப் போ."

வெள்ளைத்துரையைத் தேட வேண்டியிருக்கவில்லை. மேல்நிலைத் தொட்டியின் அடியில், நிழலில், குந்தி உட்கார்ந்திருந்தார். அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"மாமா, அட்டையை யாரு மாட்டுனா?"

"கேக்குறதுக்கு எட்டு நாளாச்சே பாப்பா ஒனக்கு."

"யாரு மாமா?"

"நாந்தேன்." அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "போன் பண்ணுனான். 'மாமா, என் அட்டையையும் மாட்டிரு, நான் சுந்தரம்மா வால்வைத் தொறந்துட்டு வாரேன், அது மேப்புல கெடையாது, கூடாரத்துல சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள குடோனே சாம்பலாயிரும்'னான். மாட்டிட்டேன். எப்பவும் மாட்டுறதுதானே? மாட்டலேன்னா ஆப்சென்ட் போட்டுருவாங்களேன்னு மாட்டுனேன். தலை எண்ண வந்தாங்க. தண்ணி வந்துருச்சு, மாப்ள இந்தா வந்துருவான்னு நெனச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் இருக்கோம்னேன். அந்த வார்த்தை எப்படி வந்துச்சுன்னே தெரியல. தானா வந்துச்சு."

"என்னை ஏன் கூப்பிடல? நான் கூடாரத்துலதான இருந்தேன்?"

"ஒன்னக் கூப்பிட்டா என்ன சொல்லியிருப்ப?"

முதலில் வந்து அட்டையை மாட்டுங்கள் அத்தா என்று சொல்லியிருப்பாள்.

"மறுநா அடைக்கப் போனேன்ல," என்றார் வெள்ளைத்துரை. "எண்ணிக்கிட்டே அடைச்சேன். பதினொன்னுதான் பாப்பா இருந்துச்சு. அது ஒரு கை வால்வு. பதினாலு சுத்து. மாப்ள அரைகுறையா தொறக்குற ஆளு இல்ல. பதினொன்னுல நின்னுருக்கு." இடது கையை விரித்து, ஆள்காட்டி விரலின் நுனிக் கணுவுக்கு ஒன்று முன்னால் தொட்டுக் காட்டினார். "இங்கன."

இருவரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுதுனா ஒங்க வேலை போயிரும்னு சொல்றாங்க மாமா."

"தெரியும். அந்த ஆபீசரு எங்கிட்டயும் வந்தாரு. வாயைத் தொறக்காதய்யான்னாரு. எம் பொண்டாட்டியும் அதைத்தேன் சொல்றா."

"நான் என்ன செய்யட்டும்?"

அவர் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். ஓட்டையிலிருந்து சொட்டிய தண்ணீரால் சிமெண்டில் பாசி பிடித்திருந்தது.

"நீ எழுதாம விட்டேன்னு வையி," என்றார். "அடுத்த தீயில புதுசா ஒருத்தன் என்கூட வருவான். அவன் அட்டையையும் நான் மாட்டிருவேன் பாப்பா. கை பழகிருச்சு." பிறகு, "ஆனா எழுதுன்னு என் வாயால சொல்ல முடியல. எனக்கும் குடும்பம் இருக்கு. நீ படிச்சவ. நீயே பாத்துக்க," என்றார்.

படித்தவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எக்ஸெல்லின் கால் வைக்கிற இடத்தில் சாவியைக் குறுக்காக வைத்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். பழங்காநத்தம் வரை யாரும் திட்டவில்லை. வண்டியை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். காலையிலிருந்து மத்தியானம் வரை அதைத் திறக்கவில்லை. ஒத்திகை நாளில் ஒரு கோடு கிழித்திருந்தால், வெள்ளைத்துரைக்கு ஒரு திட்டு விழுந்திருக்கும். இந்தப் பழக்கம் அன்றோடு நின்றிருக்கும். ஆழம் என்ற கட்டத்தைக் கட்டாயமாக்காமல் விட்டிருந்தால், வால்வு வரைபடத்தில் இருந்திருக்கும். கமாண்டரே இரண்டு ஆளைத் துணைக்குக் கொடுத்து அனுப்பியிருப்பார். கல்லை மூன்று பேர் நகர்த்தியிருப்பார்கள். சும்மா மூணடின்னு போடு என்றார். போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அது பொய். பொய்தான் வேண்டாம் என்று அவள் அந்தக் கட்டத்தைச் செய்தாள். அட்டையை மாட்டியதும் பொய். ஒரு பொய் இல்லாததாலும் ஒரு பொய் இருந்ததாலும் அவர் போய்ச் சேர்ந்திருந்தார். இதில் எந்தப் பக்கம் திருகினால் எது திறக்கும் என்று அவளுக்குப் புரியவில்லை.

விதிமீறல் என்று எழுதினால் அத்தா என்ன சொல்வார் என்று யோசித்தாள். சிரிப்பார் என்று தோன்றியது. வெள்ளைத்துரை வேலை போனால் சிரிக்க மாட்டார் என்றும் தோன்றியது.

அசர் பாங்கு சொல்லி முடித்த பிறகு பேனாவை எடுத்தாள். பதினொன்றரை மணி வரியில் 'இரண்டுக்கு இரண்டு' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு கிழித்தாள். பக்கத்தில் 'இரண்டுக்கு ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பத்து ஐம்பது வரியில், 'ஆள் ஒருவர்தான். ஒத்திகையிலும் இப்படி நடந்தது. அப்போது நான் பார்த்தேன், திருத்தவில்லை' என்று சேர்த்தாள். அது அறிக்கையில் இருக்க வேண்டிய வாக்கியமா என்று தெரியவில்லை. பதினொன்று இருபது வரியில் 'காரணம் தெரியவில்லை' என்பதைக் கிழித்தாள். 'சேக் இஸ்மாயில் ஏணிக்காரச் சந்து வால்வைத் திறந்தார். பதினொரு சுற்று.'

செய்தது சரியா என்று கேட்க ஆள் இல்லை. உள் அறைக்குப் போனாள். அம்மா தரையில் பாய் போட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"ஓடுனாரும்மா."

அஜ்மல் பீவி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "சேர்ல ஒக்காரலயா?"

"அந்தப் பக்கமே வரல."

"அதானே பாத்தேன்," என்றாள். அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தாள். பதினொரு நாளாக அவள் அழுததை நிலோபர் பார்க்கவில்லை. உண்மை அவளுக்கு ஆறுதலா, இன்னொரு அடியா என்பதும் நிலோபருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐம்பத்தைந்து நிமிடத்தை மட்டும் சொல்லவில்லை.

அப்போது முன்னறையில் அத்தாவின் போன் அடித்தது. யாராவது தண்ணீர் கேட்டு அழைப்பார்கள் என்று அதை அணைக்காமல் வைத்திருந்தார்கள். எழுந்து போய் எடுத்தாள்.

"பாய், சமயநல்லூர் பட்டறை," என்றது எதிர்க் குரல். பின்னால் இரும்பை ராவுகிற சத்தம். "மூடி வார்த்து ஒரு வாரத்துக்கு மேலாச்சு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் நம்பர் சொல்றேன்னீங்க, ரெண்டு ஞாயிறு போயிருச்சு. என்னதான் நம்பரு? சொன்னீங்கன்னா வெட்டிக் குடுத்துருவேன்."

"அவர் மக பேசுறேன் அண்ணே."

"ஆங், தாயி. அத்தா இல்லையா? ஒங்கிட்டத்தான் நம்பர் இருக்குன்னு சொன்னாரு."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். இருநூற்றுப் பதின்மூன்று என்று சொல்லிவிடலாம். படிவத்தில் இடம், தெரு, சுற்று எல்லாம் அந்த ஞாயிறு காலை நிரப்பியபடியே இருந்தன. ஆழம் என்ற கட்டம் மட்டும் சிவப்பாக நின்றது. சேமிக்கிற பொத்தான் மங்கிக் கிடந்தது. சுந்தரம்மாளைப் பார்க்கப் போனபோது குழிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்திருந்தாள். கல்லும் பாதி திறந்துதான் கிடந்தது. அளவு நாடா வண்டிப் பெட்டியில் இருந்தது. அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"இருக்கியா தாயி?" என்றார் பட்டறைக்காரர். "கனமில்லாமத்தான் வார்த்திருக்கேன். ஒத்த ஆளு ஒரு கையால தூக்குறாப்புல இருக்கணும்னு அவருதான் சொன்னாரு. செவுத்தோரமா சாத்தி வச்சிருக்கேன். நம்பர் வெட்டுற எடம் மட்டும் மொழுமொழுன்னு கெடக்கு."